பாண்டிக்கு எப்போது வருகிறாய்?

பெங்களூரில் இருக்கும் என் சித்தி மகன் குடும்பத்தோடு ஒரு சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்கினான். மறுநாள் விடிந்ததும் கிளம்பி, கடற்கரைச் சாலை, காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பாரதி பூங்கா, மணக்குள விநாயகர், ஆசிரமம், கடைசியாகக் காகிதப்பூ தொங்கும் ஒரு மஞ்சள் சுவரின் முன்னால் விதவிதமாகப் போட்டோ என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இலையில் வஞ்சிர வறுவல் வைத்துக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்: "அவ்ளோதானாண்ணா பாண்டி?" அதில் கிண்டல் ஒன்றும் இல்லை. ஹோட்டல் பில்லை ஒரு தடவை சரிபார்க்கிறவனின் குரல் அது. கொடுத்த காசுக்கு ஏதோ ஒரு அயிட்டம் விட்டுப்போயிருக்கிறதோ என்ற சந்தேகம்.

நான் உடனே மீதிப் பட்டியலை எடுத்துவிட்டேன். அரிக்கமேடு இருக்கிறது, ஊசுட்டேரி இருக்கிறது, சுண்ணாம்பாற்றில் படகு இருக்கிறது, ஆரோவில் இருக்கிறது, 1826-ல் ஆரம்பித்த தாவரவியல் பூங்கா பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்திலேயே இருக்கிறது. அவன் மரியாதையாகத் தலையாட்டினான். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான், திண்டிவனம் ரோட்டில் டிராபிக் ஆகிவிடுமாம். அவன் போய்விட்டான், அந்தக் கேள்வி போகவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து, இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே ரிட்டயர் ஆகப்போகிறவன் நான். யாராவது அவ்வளவுதானா என்று கேட்டால் அடுக்கிக்கொண்டே போக வேண்டியவன். ஆனால் நான் சொன்ன பட்டியல் எனக்கே சுரத்தில்லாமல்தான் இருந்தது.

இடமாகப் பார்த்தால்

இடமாகப் பார்த்தால் அவன் சொன்னது நியாயம்தான். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பழைய பிரெஞ்சுப் பகுதியாக இருக்கும் வைட் டவுன் என்கிற அந்தச் சின்னச் சதுரத்தை நிதானமாக நடந்தாலும் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். மூன்று நூற்றாண்டுப் பழைமை என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறோமே தவிர, 1761-ல் இங்கிலீஷ்காரர்கள் ஊரைப் பிடித்தபோது கோட்டை, கவர்னர் மாளிகை எல்லாவற்றையும் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். இப்போது செல்ஃபியில் விழுகிற கட்டடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அதற்குப் பிறகு மறுபடி கட்டியதுதான். கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி அலுவலகம், 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று உதிர்ந்தது. அதே அச்சில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பழைய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சில் நடுவில் முறிந்து கடலுக்குள் விழுந்தது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள்கூட செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்றுதான் சொல்வார்கள். 1836-ல் ஏற்றிய கலங்கரை விளக்கத்துக்கு இப்போது விளக்கு வேலை இல்லை. அந்த வேலையை வேறொரு கோபுரம் பார்க்கிறது.

அரிக்கமேடு இன்னும் மோசம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, ரோம் நாட்டுப் பானையோடுகளை வைத்துத் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக் கணக்கு கொடுத்தார். மதுச்சாடி, மணி செய்யும் பட்டறை என்று கிடைத்தது எல்லாம் உலகப் பிரசித்தி. நேரில் போனால் ஒரு மாந்தோப்பும், ரோமுக்குச் சம்பந்தமே இல்லாத பிற்காலத்து மிஷன் வீட்டின் செங்கல் சுவரும்தான் நிற்கின்றன. தோண்டினதை எல்லாம் மூடிவிட்டார்கள். கிடைத்ததெல்லாம் மியூசியத்துக்குப் போய்விட்டது. வெளியூர்க்காரரை அங்கே கூட்டிப் போனால் ஆற்றைப் பார்த்துவிட்டுக் காற்று நல்லா வருது என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். வேறு என்ன சொல்வார், பாவம்.

அந்த மஞ்சள் சுவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் வயசு பாண்டிக்காரர்களுக்கு அந்தத் தெருக்கள் ஏதாவது ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கப் போகிற இடம். தலைமைச் செயலகம், சட்டசபை, பெரிய ஆஸ்பத்திரி, கவர்னர் மாளிகை, யாருக்காவது பிரெஞ்சு பான்சியோன், அதாவது பென்ஷன், இருந்தால் கான்சல் ஆபீஸ். வேலை முடிந்ததும் வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கினால்தான் ஊருக்குள் வந்த மாதிரி இருக்கும். இன்றைக்கு அந்தச் சுவருக்கு முன்னால் கல்யாண ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள். சரி, நிற்கட்டும், அழகான சுவர்தான். ஆனால் சுவரைக் காட்டி இதுதான் பாண்டி என்று சொல்லும்போது என் வாய் கொஞ்சம் கோணத்தான் செய்கிறது.

வெள்ளியைப் பார்க்க வந்தவர்

இந்த யோசனையில் இருக்கும்போதெல்லாம் எனக்கு ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தார். கியோம் லெ ஜான்ட்டி என்று ஒரு பிரெஞ்சு வானியல்காரர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கிரகம் நகர்ந்து போவதைப் பாண்டிச்சேரியில் இருந்து பார்க்க வேண்டும் என்று 1760-ல் பிரான்சை விட்டுக் கப்பலேறினார். நாள் குறித்தாகிவிட்டது: 1761 ஜூன் 6. ஆனால் அவர் கரையை எட்டுவதற்குள் ஊரே இங்கிலீஷ்காரர்கள் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது. குறித்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலில் இருந்துகொண்டு எதையும் அளக்க முடியவில்லை. அடுத்த சந்தர்ப்பம் எட்டு வருஷம் கழித்து. அதை விட்டால் நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். மனுஷன் ஊருக்குத் திரும்பவில்லை. இந்தியப் பெருங்கடல் தீவுகளில் சுற்றி, மணிலா வரைக்கும் போய், பாண்டிச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த பிறகு 1768-ல் இங்கே வந்து சேர்ந்தார். இடிந்த கோட்டைக்குள் ஒரு ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டு காத்திருந்தார். 1769 ஜூன் மாதம் அந்த விடியற்காலை வந்தது. மேகம். சூரியன் வெளியே தலைகாட்டியபோது வெள்ளி கடந்து போயாகிவிட்டது. பாரிஸுக்குத் திரும்பியபோது அவர் செத்துவிட்டதாக முடிவு கட்டி, சொந்தபந்தங்கள் சொத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. பாண்டிச்சேரிக்கு வந்த வெளியூர்க்காரர்களில் இவர் ஒருத்தர் குறிப்பிட்ட ஒரு நாளுக்காக வந்தார். காத்திருந்த நேரத்தில் ஊரையும் பார்த்தார். வீராம்பட்டினம் பக்கம் மணலில் புதைந்து கிடந்த ஒரு புத்தர் சிலையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். சித்தி மகன் கேட்ட கேள்விக்கான பதில் எனக்குப் பிடிபடத் தொடங்கியது இங்கேதான். 'எங்கே போகலாம்' என்பதற்கு இந்த ஊரில் சொல்ல அதிகம் இல்லை. 'எப்போது வரலாம்' என்று கேட்டால் சொல்லி மாளாது. இப்படித் தோன்றியது முதலில் வெறும் சால்ஜாப்பாகத்தான் பட்டது. நம்ம ஊரை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் மூளை கண்டுபிடிக்கிற சமாளிப்பு. மாசி மாசம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மயிலத்திலிருந்து ஒரு விருந்தாளி

மாசியில் சித்தி வந்தார், அதாவது அவனுடைய அம்மா. முட்டிவலிக்கு இங்கே ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர் எங்கள் வீட்டில் தங்கினார். பீச்சுக்குப் போகலாமா சித்தி என்று நான் கேட்டதற்கு, "அங்க போயி என்னாடா பாக்கறது? நாளைக்கு மகம். நம்ம ஊரு முருகன் கடலுக்கு வர்றாரு. வைத்திக்குப்பம் கூட்டிட்டுப் போ" என்றார். அம்மாவும் சித்தியும் மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். எனக்கு மாசி மகம் என்றால் கடற்கரைப் பக்கம் வண்டி போகாது, பள்ளிக்கூடம் லீவு, அவ்வளவுதான். சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து பலூன் வாங்கியது அரைகுறையாக ஞாபகம் இருந்தது. சித்தியின் முட்டியை யோசித்து, கூட்டமா இருக்குமே என்று இழுத்துப் பார்த்தேன். "உன்னை ஒண்ணும் தூக்கிட்டுப் போகச் சொல்லல" என்று பதில் வந்தது.

காலையில் போனோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடலில் நீராட இந்தச் சுற்று வட்டாரத்துச் சாமிகள் நூற்றுக்கு மேல் வருகின்றன. மயிலம் சுப்பிரமணியர், தீவனூர் விநாயகர், சிங்கவரம் அரங்கநாதர், திண்டிவனத்துப் பெருமாள், அப்புறம் பாண்டிக்குள்ளேயே இருக்கும் அத்தனை கோயில் உற்சவர்களும். செஞ்சிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தெல்லாம் கடல் பார்க்க வருகிற சாமி. வழியெல்லாம் மண்டகப்படி, தெருவுக்குத் தெரு தேங்காய் உடைப்பு. கரையோரமாகப் பந்தல் போட்டு எல்லோரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பெருமாளுக்குப் பக்கத்தில் சிவன், சிவனுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு நகர் விரிவாக்கத்து அம்மன், அதற்குப் பக்கத்தில் மயிலம் முருகன். பெரிய கோயில் சாமிக்கு முன்னால் நாகஸ்வரம், சின்னக் கோயில் சாமிக்கு முன்னால் செண்டை மேளத்துப் பையன்கள், இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. யார் முதலில் என்ற தகராறு எதையும் அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

சித்தி நேராக முருகன் முன்னால் போய் நின்றார். கும்பிடும்போது கண்ணை மூடுவார் என்று நினைத்தேன், மூடவில்லை. மேலும் கீழும் பார்த்தார். மாலை, கவசம், வேல், பல்லக்கின் தண்டு, தூக்கி வந்தவர்களின் தோளில் மடித்துப் போட்டிருந்த துணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, சீர்பாதம் தாங்கி வந்த ஆட்களில் ஒரு கிழவரிடம் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், யார் வீடு, எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், வழியில் யார் சாப்பாடு போட்டது. இரண்டு நிமிஷத்தில் ஒரு தூரத்துச் சொந்தம் கிடைத்துவிட்டது. சித்தி என் பக்கம் திரும்பி, "பாவம், ராத்திரி பூரா நின்னுருக்காரு" என்றார். கிழவரைச் சொல்கிறார் என்று நினைத்து, ஆமாம் வயசானவர் என்றேன். "சாமியச் சொன்னேன்டா." ஊரில் இருந்து கல்யாணத்துக்கு வந்த பெரியப்பாவை மண்டப வாசலில் பார்க்கிற பார்வை அது. அவர் வந்த காரியம் ஒன்றுதான். குளிக்க வேண்டும், எல்லோரையும் பார்க்க வேண்டும், திரும்பிப் போக வேண்டும்.

தீர்த்தவாரி நேரம் வந்ததும் குருக்கள்மார் ஆயுதங்களைக் கையில் ஏந்திக்கொண்டு அலைக்குள் இறங்கினார்கள். உற்சவர் கரையிலேயே இருப்பார். வேலோ சூலமோ சக்கரமோதான் அவருக்குப் பதிலாக முங்கும். குப்பத்துப் பையன்கள் கயிறு பிடித்து வட்டம் கட்டியிருந்தார்கள். கடல் அன்றைக்குக் கொஞ்சம் முறைப்பாகத்தான் இருந்தது. ஒரு குருக்கள் வேலை நெஞ்சோடு அணைத்தபடி குனியும்போது அலை வந்து அவரையே சாய்த்துவிட்டது. கயிறு பிடித்த பையன் ஒரு கையால் அவர் இடுப்புத் துண்டைப் பற்றி நிமிர்த்தினான், இன்னொரு கை கயிற்றை விடவில்லை. அந்த நிமிஷம் கரையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே சத்தமாகக் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள். செப்புச் சொம்போடு வந்த பொம்பளைகள், பேன்ட்டைச் சுருட்டிய பையன்கள், தோளில் குழந்தையோடு அப்பன்கள். இந்தப் பக்கம் இவ்வளவு ஆரவாரம், கொஞ்சம் தள்ளி ஒருத்தர் எள்ளும் தண்ணீரும் இறைத்து அவருடைய அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். சித்தி முட்டியை மறந்து கணுக்கால் வரைக்கும் போய், கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, என் தலையிலும் தெளித்தார்.

திரும்பி வந்து பந்தல் நிழலில் அன்னதானத் தயிர்சாதத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் சித்தி சொன்னார். அவர் பாவாடை கட்டின வயசில் மாட்டு வண்டியில் கட்டுச்சோறோடு இங்கே வருவார்களாம். "வண்டிய விட்டு எறங்குனா கடல் எங்கியோ இருக்கும்டா. மணலு சுடும். பொம்பளப் புள்ளைங்க எல்லாம் பாவாடையத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். ஓடி ஓடி மூச்சு வாங்கும், அப்பவும் தண்ணி வராது." அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். சாலை, கொட்டிவைத்த பாறைகள், கொஞ்சூண்டு மணல், தண்ணீர். பந்தலில் இருந்து அலைக்கு ஓட வேண்டிய தேவையே இல்லை. நாலு எட்டு வைத்தால் போதும்.

மணல் போன வழி

பாண்டியில் மணல் ஏன் இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் சித்தி சொன்ன மாதிரி அதை எனக்கு யாரும் சொன்னதில்லை. இந்தக் கடலோரத்தில் வருஷத்தில் பெரும்பகுதி, தோராயமாக மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைக்கும், அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. ஐப்பசி மழைக்காலத்தில் மட்டும் திசை மாறும். கூட்டிக் கழித்தால் வடக்கே போகிறதுதான் அதிகம், வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல்தடுப்புகளை நீட்டினார்கள். வந்த மணல் தெற்குத் தடுப்பில் முட்டி அங்கேயே தங்கியது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகலமானது. வடக்கே இருந்த மணலைக் கடல் வழக்கம்போல எடுத்துக்கொண்டு போனது, புதிதாக வரவேண்டியது வரவில்லை. காந்தி சிலைக்கு முன்னால் இருந்த மணல்வெளி போனது. ஊர் போய்விடக் கூடாது என்று பாறைகளைக் கொட்டினார்கள். சுற்றுலாக்காரர்கள் இன்றைக்கு ராக் பீச் என்று சொல்லிப் போட்டோ எடுப்பது அந்தப் பாறைகளுக்கு மேல் நின்றுதான். பாறை போட்ட இடத்தில் அரிப்பு நின்றது, அதற்கு வடக்கே ஆரம்பித்தது. வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். வலை உலர்த்தும் இடம் போய், படகு நிறுத்தும் இடம் போய், கடைசியில் வீடும் போன குடும்பங்கள் அங்கே இருக்கின்றன.

2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் எஃகில் ஒரு பெரிய ஆப்பு வடிவக் கட்டமைப்பை இறக்கியது. அலையின் வேகம் அங்கே குறைந்து, மணல் சேர ஆரம்பித்தது. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நடக்கப் போனால், பாறைக்குக் கீழே நிஜமான மணலில் குழந்தைகள் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊரே அதைப் பார்க்கப் போனது. வாட்ஸப்பில் சுற்றிய போட்டோக்களைப் பார்த்தால் ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருக்கும். பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லவே முடியாது, ஒரு கீற்று மணல்தான். குளிக்கக் கூடாது என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதை மதிக்காமல் இறங்கிச் செத்தவர்கள் உண்டு, பெரும்பாலும் வெளியூர்ப் பையன்கள். அது தனிக் கதை.

என் மனசில் நின்றது இதுதான்: சித்தி ஓடிய மணல் போய்விட்டது, மாட்டு வண்டி போய்விட்டது, அந்தக் காலத்துக் குருக்கள் போய்விட்டார், முருகன் மட்டும் அதே நாளில் வந்து நிற்கிறார். இடம் சுருங்கச் சுருங்க, வைத்திக்குப்பத்துக்காரர்கள் பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு நாளை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

ஒன்றும் நடக்காத ராத்திரி

அதற்குப் பிறகு இந்த ஊரை நாள்காட்டியை வைத்துப் பார்க்கிற கிறுக்கு எனக்குப் பிடித்துவிட்டது. ஜூலை 13 ராத்திரி பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள் காகித விளக்குகளைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். மறுநாள் பிரான்சின் தேசிய தினம், அன்றைக்குக் காலை போர் நினைவுச் சின்னத்தில் வயசான சொல்தாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்து நிற்பார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரான்சுக்காகச் சண்டை போட்ட தமிழர்கள் அவர்கள். இரண்டு நாட்டுக் கீதமும் அடுத்தடுத்து ஒலிக்கும். ஒவ்வொரு வருஷமும் அந்த வரிசையில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அதே மாசம் 30-ஆம் தேதி கடலூர் சாலைக்குப் போனால் அங்கே இன்னொரு கூட்டம் மாலையோடு நிற்கும். 1936-ல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்த நாள் அது. அதற்கு அடுத்த வருஷம்தான் எட்டு மணி நேர வேலை கைக்கு வந்தது. இரண்டு வாரத்துக்குள் ஒரே ஊர் பிரான்சை ஒருமுறை கொண்டாடி, ஒருமுறை திட்டுகிறது. இதை எந்தச் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பது?

ஆகஸ்ட் 15 இன்னும் வேடிக்கை. 1947-ல் அந்தத் தேதியில் எங்களுக்குச் சுதந்திரம் கிடைக்கவில்லை. 1954 அக்டோபரில் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்து, நவம்பர் 1-ல் ஆட்சி கை மாறியது. சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அதனால் இங்கே சுதந்திரம் பல தவணைகளில் வரும். ஆனாலும் ஆகஸ்ட் 15 காலையில் கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு, நாலு தெரு தள்ளி அரவிந்தர் பிறந்த நாளுக்காக ஆசிரமத்தைச் சுற்றி வெள்ளை உடுப்பில் நீளமான கியூ, சர்ச்சுகளில் மாதா விண்ணேற்புப் பூசை, எல்லாம் ஒரே நேரத்தில். அன்றைக்கு ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டு சுற்றினால் போதும், டிக்கெட் இல்லாமல் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

ஆடி கடைசியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த பழக்கத்தை இன்றைக்கும் விடவில்லை, துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்துதான் தேரை நகர்த்த வேண்டும். மீனவர் தெருவில் தேர் குலுங்கிக்கொண்டு வரும்போது உப்பு பாக்கெட்டும் மிளகும் வந்து விழும். இப்படிக் குறித்து வைத்துக்கொள்ள முடியாத நாட்களும் உண்டு. 2022 நவம்பர் கடைசியில் மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி காலை நடையின்போது தெருவிலேயே சரிந்து செத்துப்போனது. அன்றைக்குக் கூடிய கூட்டமும் அழுகையும் எந்த அரசியல்வாதிக்கும் இந்த ஊரில் கிடைத்து நான் பார்த்ததில்லை. கடையை மூடிவிட்டு வந்து நின்ற சேட்டும், வாழைப்பழம் கொடுத்துப் பழகின பள்ளிக்கூடப் பெண்களும் ஒரே மாதிரி அழுதார்கள்.

இவ்வளவு இருக்க, வெளியூரிலிருந்து லட்சக்கணக்கில் ஆட்கள் வருவது டிசம்பர் 31-க்குத்தான். எனக்குப் புரியாத விஷயம் இது ஒன்றுதான். அன்றைக்கு இங்கே எதுவுமே நடப்பதில்லை. சாமி வராது, தேர் ஓடாது, யாரும் யாரையும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள். வைட் டவுனுக்குள் வண்டி விடமாட்டார்கள், சரக்கு விலை தமிழ்நாட்டை விடக் குறைவு என்பதால் பாதிப் பேர் நிதானத்தில் இருக்க மாட்டார்கள், பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கத்துவார்கள். அப்புறம் விடிய விடிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹாரன் சத்தம். எங்கள் தெருக்காரர்கள் அன்றைக்கு வெளியே தலைகாட்டுவதில்லை. மாசி மகத்துக்கும் லட்சக்கணக்கில்தான் கூட்டம், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. பந்தலில் மோர் ஊற்ற ஒருத்தர், கயிறு பிடிக்க ஒருத்தர், செருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி. வேலை இருக்கிற கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் மிதிப்பதில்லை.

இதை எழுதினால் அந்த நாட்களுக்கும் ரீல்ஸ்காரர்கள் வந்துவிடுவார்கள் என்று வீட்டில் எச்சரித்தார்கள். வரட்டும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் முழு மனசோடு சொல்கிறேனா என்று கேட்டால் இல்லை. ஜூலை 14 காலையில் ஒரு சொல்தாவின் முகத்துக்கு முன்னால் ஒருத்தன் டிரோனை இறக்கியதைப் பார்த்தேன். கிழவர் சல்யூட்டை விடவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். ஒரு பாதுகாப்பு என்னவென்றால், மகம் நட்சத்திரம் சனி ஞாயிறு பார்த்து வருவதில்லை. திங்கட்கிழமை வரும், புதன்கிழமை வரும். லீவு போட்டுத்தான் வர வேண்டும். ஹோட்டல்காரர்களுக்கு அதனால் அதில் பெரிய அக்கறை இல்லை.

சித்தி மகனிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா ஏற்கெனவே சொல்லிட்டாங்கண்ணா, அடுத்த மகத்துக்கு வண்டில கூட்டிட்டுப் போகணுமாம். பார்க்கிங் எங்க கெடைக்கும்?" என்றான். கிடைக்காது. அஜந்தா சிக்னலுக்கு அந்தப் பக்கம் போலீஸ் வண்டியை விடாது. எங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுச் சோலை நகர் வழியாக நடக்க வேண்டும். காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் முருகன் பந்தலுக்குப் போய்விடலாம். மாற்றுத் துணி வேண்டும், ஒரு சொம்பு வேண்டும். செருப்பை வீட்டிலேயே விட்டுவிடலாம். சித்திக்கு மட்டும் ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அவர் அதில் உட்காரமாட்டார், ஆனாலும்.